கேட்டு வாங்கி, சொல்லி விற்ற இமாம்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் மாபெரும் மார்க்கச் சட்ட மேதை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் ராவுத்தர்மார்கள் அவர்களுடைய மத்ஹபையே பின்பற்றி வருகிறார்கள். ஆனால் அப்பெரியார் நம்மைப் போல் கடை வைத்து வாழ்ந்த வர்த்தகர் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) இராக்கிலுள்ள கூபா நகரில் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான். தந்தையார் ஸாபித். பட்டு ஜவுளி விற்றுக்கொண்டிருந்த அந்த வாலிபரை ஷஅபீ என்னும் அறிஞர் கல்வியின் பக்கம் திருப்பினார்கள். ஹம்மாத் என்ற ஆசிரியரிடம் சுமார் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஆயினும் வியாபாரத்தைக் கைவிடவில்லை.

ஒரு சமயம் கொள்ளையடிக்கப்பட்ட ஆடுகள் கூபாவின் மந்தைகளில் கலந்துவிட்டன. எது யாருடைய ஆடு என்று பிரித்தறிய வழியில்லை. ஓர் ஆடு எத்தனை ஆண்டு உயிர் வாழும் என்று இமாமவர்கள் விசாரித்தார்கள். 7 ஆண்டுகள் என்று தெரியவந்தது. அந்த 7 ஆண்டுகளும் ஆட்டிறைச்சியை அவர்கள் தொடவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பேணுதல் உள்ளத்தில் இருந்தது. ஆனால் எத்தனை காலம் பேணுவது என்பதைக் கேட்டறிந்த பிறகே முடிவு செய்தார்கள்.

விற்பதிலும் அவ்வாறே. கூட்டாளி ஹப்ஸிடம் சரக்கு அனுப்பியபோது, இன்ன துணியில் குறை உண்டு, அதை எடுத்துச் சொல்லி விற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஹப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. சரக்கின் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தருமம் செய்துவிட்டார்கள்.

மற்றொரு நாள் ஒரு பெண்மணி பட்டுத் துணியொன்றை 100-க்கு விற்க வந்தார். விலை தெரியாத அவரிடம், அது இன்னும் அதிகம் பெறும் என்று கூறி, கடைசியில் 500 கொடுத்து வாங்கினார்கள்.

கலீபா மன்சூர் காஜி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தியும் இணங்காததால் சிறையிடப்பட்டு, ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் காலமானார்கள்.

சகோதரர்களே! நம் கடைக்கு வருபவர் ஹலாலானதை, நல்லதை வாங்கவே விரும்புகிறார். ஆனால் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது, இறைச்சி எங்கே அறுக்கப்பட்டது என்பதை அவர் எப்படி அறிவார்? நாம் சொன்னால்தான் அறிவார். நமக்கே தெரியாவிட்டால், மொத்த வியாபாரியிடம் கேட்டறிந்து சொல்வது நம் கடமை. வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பறக்கத் செய்வானாக! ஆமீன்.