தன் பெயரை மறந்த அர்ச்சியசிஷ்டவள்



உங்கள் பெயர் என்னவென்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். தாய் தகப்பன் இட்ட பெயர் அயர்ந்த நித்திரையிலும் நம்மை எழுப்பிவிடும். அந்தப் பெயரையே மறந்துபோன ஒரு பெண்ணின் சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவள் புத்தி குறைந்தவள் அல்ல. பயம்தான் அவள் பெயரை அவளிடமிருந்து பறித்துக்கொண்டது. அவளையே திருச்சபை இன்று அர்ச். ஜோஸபின் பக்கீத்தா என்று கொண்டாடுகிறது.

ஆப்பிரிக்காக் கண்டத்தில், சூடான் தேசத்தின் தார்பூர்ப் பகுதியில், ஓல்கோசா என்ற கிராமத்தில் ஏறக்குறைய 1869-ம் ஆண்டில் அவள் பிறந்தாள். அன்பான பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் பலர், குறைவில்லாத வீடு. அவள் சின்னஞ்சிறு பிள்ளையாய் இருக்கும்போதே அடிமை வியாபாரிகள் அவளுடைய மூத்த சகோதரியைத் தூக்கிச் சென்றார்கள். தாய் அழுத அழுகை அந்தச் சிறு உள்ளத்தில் பதிந்தது. சில ஆண்டுகளுக்குப்பின், சுமார் 1877-ல், அவள் முறையும் வந்தது. வயல்வெளியில் போய்க்கொண்டிருந்தவளை இரண்டு பேர் வழிமறித்து, கத்தியைக் காட்டி மிரட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பெயரைக் கேட்டார்கள். குழந்தைக்கு நா எழவில்லை. அவர்களே பக்கீத்தா என்று பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் அதற்குப் பாக்கியவதி என்று அர்த்தம். என்ன பரிகாசம் பாருங்கள்! அன்று தொலைந்த சொந்தப் பெயர் சாகும்வரை அவளுக்குத் திரும்பி வரவே இல்லை.

இருட்டறையில் பூட்டப்பட்டாள். வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான மைல் நடத்தப்பட்டாள். எல் ஒபெய்த் முதலான சந்தைகளில் கை மாறி மாறி விற்கப்பட்டாள். ஓர் எஜமானின் மகன் அடித்த அடியில் ஒரு மாதத்துக்குமேல் வைக்கோற் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. துருக்கியத் தளபதி ஒருவனுடைய வீட்டிலோ கொடுமை இன்னும் அதிகம். அவளுடைய மார்பிலும் வயிற்றிலும் வலது கையிலும் மாவினால் கோலம் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கத்தியால் கீறி, தழும்பு அழியாதிருக்க உப்பைத் தேய்த்தார்கள். அத்தகைய தழும்புகள் 114 என்று கணக்கு.

இவ்வளவையும் ஒரு குழந்தை எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். பெரியவனுக்கு ஆபத்து வந்தால் ஓடுவான், அல்லது எதிர்ப்பான். குழந்தைக்கு இரண்டும் முடியாது. ஆகவே உடல் அடிபடும்போது மனம் மட்டும் விலகி நிற்கும். தாங்க முடியாததைத் தனியே ஓர் அறையில் பூட்டிவிட்டு, மீதியைக் கொண்டு உயிர் வாழும். அந்தப் பூட்டிய அறைக்குள் சில சமயம் சொந்தப் பெயரும் ஊரும்கூட அகப்பட்டுக்கொள்ளும். உள்ளம் இப்படிப் பிரிந்துபோவதைப் பற்றி 1889-ல் பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஜானே என்னும் மனோதத்துவ அறிஞர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இது பைத்தியமுமல்ல, பாசாங்குமல்ல; உயிரைக் காக்க உள்ளம் தேடிக்கொண்ட வழி.

அதே 1889-ம் ஆண்டுதான் பக்கீத்தாவுக்கும் விடுதலையின் ஆண்டு. 1883-ல் கார்ட்டூம் நகரில் இத்தாலியத் தூதரக அதிகாரி கலிஸ்தோ லெஞ்ஞானி அவளை விலைக்கு வாங்கியிருந்தார். அவர் வீட்டில் சவுக்கடி இல்லை. 1885-ல் அவரோடு இத்தாலி சேர்ந்து, மிக்கியேலி குடும்பத்தில் ஒரு குழந்தைக்குத் தாதியானாள். அந்தக் குழந்தையோடு 1888-ல் வெனிஸ் நகரில் கனோசா சபைக் கன்னியர் மடத்தில் விடப்பட்டாள். பின்னர் எஜமானியம்மாள் திரும்ப அழைத்துப்போக வந்தபோது, வர மாட்டேன் என்றாள். பிறர் சொன்னபடியே நடந்து பழகியவள் தன் வாழ்வைத் தானே தீர்மானித்தாள்! வழக்கு நடந்தது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஒப்புக்கொள்வதில்லை, ஆகையால் அவள் சுயாதீனமுள்ளவள் என்று 1889 நவம்பர் 29-ல் தீர்ப்பாயிற்று. 1890 ஜனவரி 9-ல் ஞானஸ்நானம் பெற்றாள். 1896 டிசம்பர் 8-ல் கன்னியர் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தாள்.

இப்படிக் காயப்பட்டவர்கள் குணமடையும் வழியை அமெரிக்க வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில் மூன்று படிகளாகச் சொல்கிறார். முதலாவது, பத்திரமான இடம். இரண்டாவது, நடந்ததை நினைத்துச் சொல்லி அழுவது. மூன்றாவது, மனிதரோடு மறுபடியும் உறவாடுவது. பக்கீத்தாவின் வாழ்க்கையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மடத்தின் மதில்களும் நீதிமன்றத் தீர்ப்பும் அவருக்குப் பத்திரம் தந்தன. 1910-ல் தம் கதையை ஒரு சகோதரிக்குச் சொல்லி எழுதுவித்தார். 1902 முதல் ஸ்கியோ நகர மடத்தில் சமையல், தையல், கோவில் வேலை, வாசற்காவல் என்று உழைத்து, பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தலைமேல் கை வைத்து அன்பு காட்டினார். முன்பு சவுக்கேந்தியவர்களுக்கெல்லாம் எஜமான் என்ற பெயர் இருந்ததல்லவா? அந்தச் சொல்லாலேயே வெனிஸ் நாட்டுப் பேச்சில் அவர் சர்வேசுரனை அழைத்தார். தம்மைப் பிடித்துச் சென்றவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தி செய்வேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த மன்னிப்பு பல ஆண்டுகள் பத்திரமாய் வாழ்ந்தபின் கனிந்த கனி. ஆறாத புண்ணோடு இருப்பவரிடம், உடனே மன்னித்துவிடு என்று கட்டளையிடுவது தருமமல்ல.

இன்னும் ஒன்று கேளுங்கள். 1947 பிப்ரவரி 8-ல் அவர் மரித்தார். மரண அவஸ்தையின்போது மனம் பழைய அடிமை நாட்களுக்கே போயிற்று. சங்கிலி பாரமாயிருக்கிறது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று பணிவிடை செய்த சகோதரியைக் கெஞ்சினார். காலில் சங்கிலி இல்லை. ஆனால் எழுபது ஆண்டுக்கு முந்திய சங்கிலியை உடல் மறக்கவில்லை. அர்ச்சியசிஷ்டவளுக்கே இப்படியென்றால், பழைய பயம் திரும்பி வரும் ஒருவரை விசுவாசம் போதாதவர் என்று நாம் சொல்லலாமா? கடைசியில் தேவமாதாவின் திருநாமத்தை உச்சரித்தபடியே சமாதானமாய்க் கண் மூடினார். 2000 அக்டோபர் முதல் தேதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தார்.

தாய்மாரே, தகப்பன்மாரே, உபாத்தியாயர்களே! கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கும் பிள்ளை, நடந்ததை நினைவில்லை என்னும் பிள்ளை, அடித்தாலும் அழாத பிள்ளை உங்களிடம் உண்டா? பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். பேய் பிடித்தது என்று அலையாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளைக்குப் பயமில்லாத ஓர் இடம் கொடுங்கள். எவராவது தீங்கு செய்கிறாரா என்று பாருங்கள். செய்கிறார் என்றால், அவர் எவ்வளவு பெரியவரானாலும் பிள்ளையை அவரிடமிருந்து விலக்குங்கள். வாய் திறக்கும்போது பொறுமையோடு கேளுங்கள். மனநல வைத்தியரிடம் அழைத்துப்போக வெட்கப்படாதீர்கள். ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

பக்கீத்தா அம்மாளுக்குச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் திருடர் பரிகாசமாய் வைத்த பெயரே மெய்யாயிற்று. அவர் திருநாளாகிய பிப்ரவரி 8-ந் தேதி, 2015 முதல் மனித வியாபாரத்துக்கு விரோதமான உலக ஜெப நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று, பெயர் சொல்லக்கூட நா எழாத பிள்ளைகளை நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த நாள் வரும்வரை காத்திராதீர்கள்.