கோட் போட்ட அம்பேத்கர் தெரியும். கேஸ் கிடைக்காத அம்பேத்கரைத் தெரியுமா? தங்கவயல் தலைமுறைக்கு ஒரு சட்ட மாணவரின் கதை

கோலார் தங்கவயலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை என எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்பேத்கர் நிற்கிறார். நீல கோட், கையில் புத்தகம், கண்ணாடி. தமிழிலும் கன்னடத்திலும் கீழே பெயர்.

பார்த்துப் பார்த்துப் பழகிய படம்தான். ஆனா அந்தக் கோட்டைப் போட அவர் எவ்வளவு கடன் வாங்கினார், போட்ட பிறகும் எத்தனை காலம் கேஸ் வராமல் காத்திருந்தார் என்பது அந்தப் படத்தில் தெரியாது. சட்டம் படிக்கும், படிக்க நினைக்கும், அல்லது முதல் தலைமுறையாக எந்தத் துறைக்குள்ளும் நுழையும் ஒருவருக்கு அந்தப் பகுதிதான் அதிகம் உதவும்.

தங்கவயலுக்கும் அம்பேத்கருக்கும் என்ன தொடர்பு?

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கம் தோண்ட வந்தது. பூமிக்கடியில் இறங்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். சுரங்கம் உயிரைக் குடித்தது, நுரையீரலைக் கெடுத்தது. ஆனாலும் ஊரில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. அது, பண்ணையாரின் தயவு இல்லாத மாதச் சம்பளம்.

அந்தச் சம்பளம் பள்ளிக்கூடமாக, சங்கமாக, புத்தகமாக மாறியது. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் கிளை விட்டது. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை அச்சிட்டுப் பரப்பியது. 1954இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது, அவர் யார் என்று இந்த மக்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் வாழ்க்கையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் தொடங்கியது. 1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தங்கவயல் குடும்பங்களுக்குச் சுரங்கக் கம்பெனி எதுவோ, மஹர் சாதியில் பிறந்த அம்பேத்கர் குடும்பத்துக்கு ராணுவம் அது. படிப்புக்கு ஒரு சின்ன வாசல்.

நியூயார்க் எப்படிச் சாத்தியமானது?

1912இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தப் படிப்புக்கே பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1913இல் பரோடா அரசு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடம். சும்மா இல்லை, ஒரு பாண்ட் போட்டுத்தான். படித்து முடித்ததும் 10 வருடம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், சமூகவியல், வரலாறு என்று படித்தார். ஜான் டூயி, எட்வின் செலிக்மன் போன்றோர் ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. முடிந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் ஹார்லெம், அந்த வருடங்களில்தான் கறுப்பின மக்களின் பகுதியாக மாறிக்கொண்டிருந்தது. அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே ஒதுக்கல் தொடர்ந்தது. அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டுப் பின்னாளில் அவர் நிறைய எழுதினார். 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதமும் அனுப்பினார். ஐ.நா. சபையிடம் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதி அவருக்குத் தேவைப்பட்டது.

சட்டம் அவர் பாதையில் நுழைந்தது 1916இல். லண்டனுக்குப் போய், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரத்துக்கும், கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்புக்கும் ஒரே நேரத்தில் சேர்ந்தார்.

படிப்பு ஏன் பாதியில் நின்றது?

காரணம் ரொம்ப எளிமையானது. ஸ்காலர்ஷிப் தீர்ந்துபோச்சு. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். நான்கு வருடத்துக்குள் வந்தால் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அவகாசம் கொடுத்திருந்தது.

பாண்ட்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்தவருக்கு அங்கே தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்த கும்பல் வெளியேறச் சொன்னது. அலுவலகத்தில் பியூன்கள் தீட்டுக்குப் பயந்து கோப்புகளை மேசைமேல் தூக்கிப் போட்டார்கள். சில மாதங்களிலேயே பரோடாவை விட்டு வெளியேறினார்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் ஷாஹு மகராஜ் உதவினார். பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். கெடு முடியும் முன் 1920இல் மறுபடி லண்டன். 1922இல் பாரிஸ்டர் ஆனார், 1923இல் டி.எஸ்சி. பட்டம்.

பாரிஸ்டர் ஆன பிறகு என்ன நடந்தது?

1923 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கட்டணம் கட்டக்கூடக் கையில் பணமில்லை. அப்போதும் பதேனாதான் உதவினார்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய பம்பாயில் பெரிய வழக்குகளுக்குக் கட்சிக்காரர் நேராக பாரிஸ்டரைத் தேடி வர மாட்டார். நடுவில் சொலிசிட்டர் இருப்பார். கேஸ் கட்டு யார் மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். சொலிசிட்டர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர், பார்சி, குஜராத்தி வணிகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே ஒரு மஹர் பாரிஸ்டருக்கு மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் இருந்தன, பிரீஃப் வரவில்லை.

எனவே மேல்முறையீட்டு வழக்குகள், மாவட்ட நீதிமன்ற வழக்குகள், ஏழைகளின் கேஸ்கள் என்று எடுத்தார். பரேலில் இருந்த அவர் அலுவலகத்துக்குத் தொழிலாளிகள் வந்தார்கள். வீட்டுச் செலவுக்காக 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் நடத்தினார்.

பெயர் வந்தது வழக்குகளால்தான். 1926இல் பிராமணரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த சிலர்மீது புனேயில் அவதூறு வழக்கு போடப்பட்டது. அவர்களுக்காக வாதாடி வென்றார். 1934இல் பாலியல் கல்வி பற்றி எழுதிய ஆர்.டி. கார்வே ஆபாச வழக்கில் சிக்கியபோது அவருக்காக நின்றார்.

மகாத் வழக்கில் அவர் தானே ஒரு கட்சிக்காரர். 1927 மார்ச்சில் மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான தலித்துகளோடு தண்ணீர் எடுத்தார். குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு 10 வருடம் இழுத்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி ஒரு தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அவர்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. தீண்டாமை தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. தீண்டாமையே செல்லாது என்று சொல்ல 17ஆவது சட்டப்பிரிவு வர வேண்டியிருந்தது. அதைக் கொண்ட அரசமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அதே காலத்தில் அமெரிக்காவில்?

அம்பேத்கர் பாரிஸ்டரான அதே 1922இல், சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின இளைஞர் ஹார்வர்டில் சட்டப் பட்டம் வாங்கினார். பின்னாளில் வாஷிங்டனில் ஹோவர்டு சட்டக் கல்லூரியைப் பொறுப்பேற்று, கறுப்பின வழக்கறிஞர்களை ஒரு படை மாதிரி தயார் செய்தார். வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த மேரிலாந்து சட்டக் கல்லூரிக் கதவு தனக்குத் திறக்காது என்று ஹோவர்டுக்கு வந்த தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை மார்ஷல் வாங்கியது 1954இல். அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்ததும் அதே வருடம்தான்.

மார்ஷல் தனி மனிதராக முளைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரி, ஒரு ஆசிரியர், ஒரு அமைப்பு இருந்தது. 1968இல் நியூயார்க்கில் கறுப்பின சட்ட மாணவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாதிரி நீதிமன்றப் போட்டி, வேலைவாய்ப்பு முகாம், சீனியர்களோடு சந்திப்பு என்று இன்றும் அது நடக்கிறது. குடும்பத்தில் வக்கீல் இல்லாதவருக்குக் குடும்பம் செய்ய வேண்டியதை அந்தச் சங்கம் செய்கிறது.

தனக்கு இல்லாததை அவர் எப்படிக் கட்டினார்?

அம்பேத்கர் உருவாக்கிய நிறுவனங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவர் தடுக்கி விழுந்த இடங்களின் பட்டியல் மாதிரியே இருக்கும்.

தங்க இடமில்லாமல் தவித்தவர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த வருடமே சோலாப்பூரில் தலித் மாணவர்களுக்கு விடுதி திறந்தது. ஸ்காலர்ஷிப் தீர்ந்து திரும்பி வந்தவர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் தொடக்கம் அது.

1935 முதல் 1938 வரை பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் சித்தார்த்தா கல்லூரி வந்தது. பம்பாயில் சித்தார்த்தா சட்டக் கல்லூரி தொடங்கியது 1956இல். அந்த வருடம் டிசம்பர் 6 அன்று அவர் காலமானார்.

இன்றைய தங்கவயலுக்கு இதில் என்ன?

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது. நிலுவைத் தொகை, வீட்டு உரிமை என்று எல்லாமே சட்டப் பிரச்சினைகளாக மாறின. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் தலைமுறை உருவானது. உரிகத்தில் கெங்கல் ஹனுமந்தையா சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டம் வாங்குவது முன்பு மாதிரி எட்டாக்கனி இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்வி.

இப்போது இருக்கும் சில கதவுகள்:

பதிவுக் கட்டணம்: வழக்கறிஞர்கள் சட்டப்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750 ரூபாய். பார் கவுன்சில்கள் இதற்குமேல் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

வெளிநாட்டுப் படிப்பு: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை வருடத்துக்கு 125 பேருக்கு. அதில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஜூனியர் காலம்: நகரங்களில் மாதம் 20,000 ரூபாய், கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் ஜூனியர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் பம்பாய் சொலிசிட்டர் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. யார் ஜூனியராகச் சேர்த்துக்கொள்கிறார், யார் முதல் கேஸ் கட்டைக் கொடுக்கிறார் என்பதை எந்த விதியும் தீர்மானிப்பதில்லை. 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர். இது மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி ஆனார். கே.ஜி. பாலகிருஷ்ணனும் பி.ஆர். கவாயும் தலைமை நீதிபதி நாற்காலி வரை போனார்கள். ஆனா அந்த 18 என்ற எண், அவர்கள் பின்னால் வரிசை இன்னும் நீளவில்லை என்பதைக் காட்டுகிறது.

அம்பேத்கருக்கு உரிய நேரத்தில் ஒரு பதேனா கிடைத்தார். அப்படி ஒருவர் கிடைக்காத எத்தனை பேர் லண்டனுக்குத் திரும்பாமலே நின்றிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. உங்கள் ஆபீஸில் அடுத்த இன்டர்ன், அடுத்த ஜூனியர் யார் என்று முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இருந்தால், மாரிகுப்பம் ரயிலில் வரும் விண்ணப்பத்தையும் ஒருமுறை பிரித்துப் படியுங்கள்.