பிழையை அளந்தவர்

புள்ளியியல் வகுப்பை நான் எப்போதும் பிரசாந்த சந்திர மகலனோபிஸின் வாழ்க்கையோடுதான் தொடங்கினேன். 1893-இல் கல்கத்தாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றவர். அங்கே கண்ட 'பயோமெட்ரிகா' இதழ்த் தொகுதிகள் அவரைப் புள்ளியியலுக்குத் திருப்பின. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்கத்துச் சணல் சாகுபடியை, வயல்தோறும் அளக்காமல், சமவாய்ப்பு முறையில் தேர்ந்த நிலத்துண்டுகளைக் கொண்டே மதிப்பிட்டார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளுடன் அனுப்பினார். இரு விடைகளின் வேறுபாடு, மாதிரியின் பிழையோடு களப்பணியாளரின் கவனக்குறைவையும் காட்டிக்கொடுத்தது. பிழை வரம்பு கேளாமலே தேர்தல் கணிப்புகளை நம்பும் நமக்கு, ஐந்தாண்டுத் திட்ட மகலனோபிஸைவிட இவரே அதிகம் தேவைப்படுகிறார் என்பேன். 1950-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இந்த இரட்டை மாதிரி முறை இடம்பெற்றது. 1972 ஜூன் 28-இல், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மறைந்தார்.