பனைகளின் தாதினைப் படித்த தணிகைமணி

தென்காசி வயற்காட்டுப் பனையும், குற்றாலத்துத் தோட்டக் கமுகும், மலைக்காட்டில் நிற்கும் கூந்தற்பனையும் ஒரே குடும்பம் என்று சொன்னால் பனையேறிப் பிழைக்கும் என் தந்தையாரும் ஒப்புக்கொள்வார். ஓலையைப் பார்த்து உறவு சொல்வது அவருக்குப் பழகிய கலை. அதே உறவைப் பூந்தாதின் துகளில் தேடிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே கணபதி தணிகைமணி.

1938ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னையில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பி.ஜி.எல். சாமி. தாவரங்களைப் பற்றிக் கன்னடத்தில் சுவைபட எழுதி, சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர் அவர். (இத்தகைய ஆசிரியர் கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான்!) முதுகலை முடித்த தணிகைமணி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

மகரந்தத் துகளை அப்படியே நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மங்கலான உருண்டையாகத்தான் தெரியும். எனவே, ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்து அதில் துகள்களைச் சூடாக்குவார்கள். உள்ளிருப்பது கரைந்துபோகும், வெளிச்சுவர் மட்டும் நிற்கும். அமிலத்துக்கும் அசையாத அந்தச் சுவரில்தான் பள்ளம், துளை, வலைப்பின்னல், முள் ஆகிய அடையாளங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். இம்முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டு எர்ட்மன்.

பனைக் குடும்பத்தில் பெரும்பாலான துகள்களுக்கு ஈச்சங்கொட்டையில் உள்ளதுபோல் நீளவாக்கில் ஒரே பள்ளம் உண்டு. சிலவற்றில் அது மூன்று கிளையாகப் பிரியும். கழிமுகச் சேற்றில் வளரும் நிப்பா பனையோ தனி வழி: உடலெங்கும் முள், இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம்போல் பள்ளம்! குஜராத்தின் பழுப்பு நிலக்கரிப் படிவுகளில் இவ்வகைத் துகள் கிடைக்கிறது. இன்று நிப்பா இயற்கையாக வளராத அந்நிலத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் கடற்கரை இருந்தது என்பதற்கு அந்தத் துகளே சாட்சி.

பனைகளின் மகரந்தத்தையும் வகைப்பாட்டையும் ஒருங்கே ஆராய்ந்த அவருடைய பெருநூல் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. மகரந்தத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. புற்களின் துகள்கள் பெரும்பாலும் ஒற்றைத் துளை உருண்டைகளே; சாதாரண நுண்ணோக்கியில் இனம் பிரிப்பது அரிது. அங்கே இலையும் பூவும்தான் துணை.

என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய இன்னொரு பணி. உலகெங்கும் சிதறிக் கிடந்த மகரந்தக் கட்டுரைகளுக்கெல்லாம் 1972 முதல் நூற்பட்டியல் தொகுத்தார். எந்தத் தாவரத்தின் மகரந்தத்தை யார், எங்கே விவரித்தார் என்று தேடித் தவிப்போருக்கு அது வழிகாட்டி. புகழ் தராத உழைப்பு. ஆனாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோருக்கு அதன் அருமை தெரியும்.

1986 செப்டம்பர் 5 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட பான் ஆம் விமானம் கராச்சியில் ஆயுதம் ஏந்தியவர்களால் கைப்பற்றப்பட்டது. பயணிகளைக் காக்க முயன்று நீர்ஜா பனோட் உயிர்நீத்தது அந்த விமானத்தில்தான். அன்று மாண்டவர்களில் தணிகைமணியும் ஒருவர். வயது நாற்பத்தெட்டு. அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு, 1987இல், அச்சாகி வந்தது.