வேரை அளந்து பார்த்த மருத்துவர்

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிளினிக்குக்குச் சென்றால், மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே தாதி நம் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்துவிடுகிறார். அந்த அளவு தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதனை உயர் இரத்த அழுத்தம் என்பர். 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் பத்துப் பேரில் மூவருக்கு இந்நோய் உண்டு. தாத்தா, பாட்டியின் மருந்துப் பெட்டியில் இதற்கான மாத்திரை இருப்பது இன்று நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால், எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு மாத்திரையை நம்பிக்கையோடு எழுதிக் கொடுக்க மருத்துவர்களால் முடியவில்லை. அந்நிலை மாற வழிவகுத்தவர்களுள் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் முக்கியமானவர்.

அவர் 1911ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். வக்கீல் என்பது குடும்பப் பெயர். அவர் நீதிமன்றப் படி ஏறியவர் அல்லர். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1930களின் பிற்பகுதியில் தாயகம் திரும்பினார். பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இருதய நோயாளிகளைக் கவனிக்கும் பணி அவருக்கு அமைந்தது.

அங்கு வந்த நோயாளிகளுள் பலர் உயர் இரத்த அழுத்தத்தால் துன்புற்றவர்கள். இந்நோயின் கொடுமையே அது சத்தமில்லாமல் வளர்வதுதான். காய்ச்சல் போல் சுடாது. புண் போல் வலிக்காது. ஆனால், ஆண்டுக்கணக்கில் மிகுதியான அழுத்தத்தைத் தாங்கும் இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து இறுகுகிறது. அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயம் தளர்கிறது. ஒருநாள் மாரடைப்போ பக்கவாதமோ வந்த பிறகே நோயாளிக்கு உண்மை தெரிகிறது.

அக்கால மருத்துவர்களிடம் இருந்த வழிகள் மிகச் சில: உப்பைக் குறைத்தல், ஓய்வு, உறக்கம் தரும் மருந்து. குறுகிப்போன குழாய்களில் இரத்தம் செல்ல வேண்டுமானால் அழுத்தம் உயர்ந்துதான் ஆக வேண்டும். ஆகவே, அதனைக் குறைப்பது ஆபத்து என்று எண்ணிய மருத்துவர்களும் இருந்தனர். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கும் இதே கதிதான். அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 186/108 என இருந்தது. அவருடைய மருத்துவர்கள் உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னார்கள்; இருதயத் தளர்ச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த அவர்களிடம் வேறு வழி இல்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, 63ஆவது வயதில் அவர் இறந்தார்.

இந்தியாவிலோ, சர்ப்பகந்தா என்னும் சிறு செடியின் வேர் நெடுங்காலமாக நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் அதனைக் கொடுத்தார்கள். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில், சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் தில்லியில் அவ்வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். விரைவில் அது மாத்திரையாகவும் கடைக்கு வந்தது. எனினும், இந்தியாவுக்கு வெளியே அதனை யாரும் பொருட்படுத்தவில்லை.

வக்கீல் செய்த வேலை இங்கேதான் தொடங்குகிறது. முன்னோர் பயன்படுத்தியது என்பதற்காக அவர் அவ்வேரை அப்படியே ஏற்கவில்லை. நாட்டு மருந்துதானே என்று ஒதுக்கவும் இல்லை. நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, குறித்து வைத்தார். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரே மனிதரின் இரத்த அழுத்தம் காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவுமாக இருக்கும். படியேறி வந்தால் உயரும்; மருத்துவரைக் கண்ட அச்சத்தாலும் உயரும். ஒருமுறை எடுத்த அளவைக் கொண்டு மருந்து பலித்தது என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டுக்கால அனுபவத்திற்குப் பிறகே, 1949ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் தம் ஆய்வுக் கட்டுரையை அவர் வெளியிட்டார். ஆய்வில் பங்கேற்றவர்கள் 50 பேர். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின், இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் 85 விழுக்காட்டினருக்கும், அது விரியும்போது உள்ள அழுத்தம் 81 விழுக்காட்டினருக்கும் குறைந்திருந்தது.

இலண்டன் இதழில் வந்த அக்கட்டுரை கடல் கடந்து படிக்கப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற மருத்துவர் அவ்வேரைத் தம் நோயாளிகளிடம் சோதித்து, அது பயன் தருவதை உறுதிப்படுத்தினார். 1952ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் வேதிப்பொருள் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ரெசர்பின் அச்சேமிப்பைக் காலி செய்துவிடுகிறது. குழாய்கள் தளர, அழுத்தம் இறங்குகிறது. 1957ஆம் ஆண்டு வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், அடுத்த ஆண்டு இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

ஆயினும், அம்மருந்துக்குக் குறைகளும் இருந்தன. உண்டவர்களுக்கு மூக்கடைப்பும் சோர்வும் ஏற்பட்டன. அளவு மிகுந்தபோது சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. மருத்துவர்கள் அளவைக் குறைத்து, வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வேரைத் தாமே வாங்கி அரைத்துக் குடிப்பது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும். வேரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

இன்னொரு கேள்வியும் மிச்சம் இருந்தது. அழுத்தம் என்னும் எண் குறைந்தால் நோயாளியின் உயிர் காக்கப்படுமா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் இதனை ஆராய்ந்தார்கள். அனைவருக்கும் மிக உயர்ந்த அழுத்தம் இருந்தது. ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்தனர். 1967ஆம் ஆண்டு முடிவு வெளியானது. போலி மாத்திரை உண்டவர்களுள் 27 பேர் கடுமையான பாதிப்புக்கு ஆளாகியிருந்தனர். மருந்து உண்டவர்களுள் இருவர் மட்டுமே. அம்மூன்று மருந்துகளுள் ஒன்று ரெசர்பின்.

வக்கீல் பம்பாயிலேயே தொடர்ந்து பணியாற்றினார். நோயாளியின் உடலைப் பார்த்தும் தொட்டும் தட்டியும் கேட்டும் நோயை அறிவது எப்படி என்று மாணவர்களுக்குப் பாடநூலும் எழுதினார். 1974ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் மறைந்தார். பக்கவிளைவு குறைந்த புதிய மருந்துகள் வந்துவிட்டதால், இன்று ரெசர்பினை மருத்துவர்கள் அரிதாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். அளவுக்கு மீறி வேர்கள் தோண்டப்பட்டதால் காடுகளில் அருகிப்போன சர்ப்பகந்தா, 1990ஆம் ஆண்டு முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.