கைதிகளுக்குப் புத்தகம் அனுப்பியவர்

இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு முகாமில் அட்டை கிழிந்த ஒரு நாவல் கைமாறிக் கைமாறி வந்தது. என் முறை வர எத்தனையோ நாள் காத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, ஹேர்மன் ஹெஸ்ஸே என்றதும் அவருடைய நோபல் பரிசுக்கு முன்னால், அவர் போர்க்கைதிகளுக்கு அனுப்பிய புத்தகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

1877இல் ஜேர்மனியின் கால்வ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஹேர்மன் குண்டர்ட், மலையாள அகராதி தொகுத்த மிஷனரி. தாயார் பிறந்ததே தலசேரியில். மகனையும் மதகுருவாக்க நினைத்தார்கள். 1892இல் அவர் குருமடப் பள்ளியிலிருந்து ஓடிப்போனார். 1911இல் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். கண்டிக்கு வந்தார், பிதுருதலாகலவிலும் ஏறினார். ஆனால் தாய் பிறந்த மலபாரைக் காணாமலே, உடல்நலம் கெட்டுத் திரும்பினார். தேடி வந்த அமைதி இங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. (அதில் எனக்கு வியப்பில்லை.)

1914இல் போர் மூண்டதும் படையில் சேரத் தானாகவே முன்வந்தார். தகுதியில்லை என்று விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு, எழுத்தாளர்கள் வெறுப்பை வளர்க்கக்கூடாது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஜேர்மன் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன. அந்தச் சொல்லின் எடை எங்களுக்குத் தெரியும். அவரோ சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் இருந்து, சிறைப்பட்ட ஜேர்மன் படையினருக்கு நூல்களைத் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். 1916இல் தந்தை இறந்தார், இளைய மகன் நோயுற்றிருந்தான், மனைவியின் மனநிலையும் குலைந்தது. அவரே உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போனார். 1919இல் மொன்டக்னோலா என்ற கிராமத்தில் தனியே குடியேறினார். 'சித்தார்த்தா' 1922இல் வந்தது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது 'கண்ணாடி மணி விளையாட்டு'. 1931இல் தொடங்கிய அந்த நீண்ட நாவலை முடிக்க அவருக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. நாஜி ஜேர்மனி அதை அச்சிட அனுமதிக்கவில்லை. 1943இல் சூரிச்சில் வெளியானது. வெளியே உலகம் எரிந்துகொண்டிருக்க ஒருவர் தன்னை அறிவதைப் பற்றி எழுதுவதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கதாநாயகன் ஜோசப் க்னெக்ட், அறிவாளிகள் மட்டும் வாழும் பாதுகாப்பான மாகாணத்தில் உச்சப் பதவியில் இருந்தவன், அதைத் துறந்து ஒரேயொரு பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறான். போன சில நாளிலேயே, பையனின் பின்னால் குளிர்ந்த மலை ஏரியில் குதித்து மூழ்கிப் போகிறான். அந்த முடிவை எத்தனை தடவை வாசித்தும் எனக்கு ஆறவில்லை.

1946இல் நோபல் பரிசு கிடைத்தபோது உடல்நலமின்றி விழாவுக்குப் போகவில்லை. 1962 ஆகஸ்ட் 9 அன்று மொன்டக்னோலா வீட்டில் உறக்கத்திலேயே இறந்தார்.