நாடி பார்த்த நல்லார் சர் ஜேம்ஸ் மெக்கன்சி

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்கோன் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையில், உழவர் குடும்பத்தில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் பிறந்தார் ஜேம்ஸ் மெக்கன்சி. பாடங்களை நெட்டுருப் போடுவது அவருக்கு வரவில்லை. (நம்மில் பலருக்கு இச்செய்தி இனிக்கும்!) இளவயதிலேயே பள்ளியை விட்டு மருந்துக் கடையில் வேலை பழகினார். பின்னரே மருத்துவம் பயின்று, 1878இல் எடின்பரோவில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பர்ன்லி நகருக்குச் சென்றார்.

பர்ன்லி, பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர். நம் நாட்டுக் கைத்தறியை நலியச் செய்த லங்காஷயர் துணி நெய்யப்பட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வாலைத் தொழிலாளரே மெக்கன்சியிடம் வந்த நோயாளிகள். ஒரு நாள் இதய நோயுள்ள இளம்பெண் ஒருத்தி பிரசவ வேளையில் அவர் கண்ணெதிரே உயிர் நீத்தாள். இந்த ஆபத்தை முன்னரே அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. விடை எந்த நூலிலும் இல்லை. ஆகவே, தாமே தேடத் தொடங்கினார்.

பெரிய மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு நோயாளியைச் சில வாரங்களே காண்பார்கள். மெக்கன்சியோ அதே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கண்டார். மணிக்கட்டு நாடியின் துடிப்பையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் ஒரே காகிதச் சுருளில் அருகருகே கோடாக வரையும் பாலிகிராப் என்ற கருவியை அமைத்தார். அதைச் செம்மைப்படுத்த உதவியவர் ஒரு கடிகாரத் தொழிலாளி.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய ஒரு பெண்மணியை அவர் நெடுங்காலம் கவனித்து வந்தார். 1890களின் இறுதியில் அவளுடைய நாடி திடீரென ஒழுங்கு தவறியது. கழுத்துக் கோட்டில் இதயத்தின் மேலறை எழுப்பும் சிற்றலையைக் காணவில்லை! மேலறை செயலற்றுப் போயிற்று என்றே மெக்கன்சி முதலில் கருதினார். 1909இல் அவருடைய இளைய நண்பர் தாமஸ் லூயிஸ், ஜாவாத் தீவில் பிறந்த டச்சு அறிஞர் எயிந்தோவன் அமைத்த ஈ.சி.ஜி. கருவியைக் கொண்டு உண்மையைத் தெளிவாக்கினார். மேலறை செயலற்றுப் போகவில்லை. நிமிடத்திற்கு 350 தடவைக்கு மேல் வீணே நடுங்கிக் கொண்டிருந்தது. இதனையே மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கின்றனர். இந்நிலையில் நெஞ்சில் கேட்கும் துடிப்புகள் எல்லாம் மணிக்கட்டை எட்டுவதில்லை. எனவே இரண்டையும் ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டிஜிட்டாலிஸ் இலையின் பயனை 1785லேயே வில்லியம் விதரிங் எழுதியிருந்தார். ஆனால் அம்மருந்து யாருக்கு மிகுந்த பயன் தரும் என்பது விளங்காதிருந்தது. இப்படி ஒழுங்கு தவறி விரையும் இதயத்தையே அது நன்கு நிதானப்படுத்துகிறது என்று மெக்கன்சி காட்டினார். இன்று வேறு மருந்துகளும் வந்துள்ளன. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்க வார்ஃபரின் போன்ற மருந்துகளை, இரத்தப் பரிசோதனையுடன் அளவாகத் தருகிறார்கள்.

பர்ன்லி எங்கோ இருக்கிறது. எனினும் அப்பெண்மணியின் நோய் நமக்கும் அந்நியமன்று. 5 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளைத் தாக்கும் வாதக் காய்ச்சல், சாதாரணத் தொண்டைப் புண்ணில்தான் தொடங்குகிறது. அண்ணாகிராமத்துப் பெற்றோரே, பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கைவைத்தியத்தோடு நிறுத்திவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று எழுதித் தரும் மருந்தை முழு நாளும் கொடுத்து முடியுங்கள்.

மெக்கன்சி 1907இல் லண்டன் சென்றார். 1915இல் சர் பட்டம் பெற்றார். ஆயினும் நோயின் தொடக்கத்தைக் காண்பவர் குடும்ப மருத்துவரே என்று நம்பி, 1919இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர்களுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அவரையும் இதய நோய் வாட்டியது. தம் வேதனையையும் ஒரு நோயாளியின் குறிப்பைப் போலவே எழுதி வைத்தார். 1925ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விரும்பியபடியே நண்பர்கள் அவருடைய இதயத்தை எடுத்து ஆராய்ந்தனர்.